கடல் ஏன் நிரம்புவதில்லை?



தேம்ஸ் நதி இரவு பகலாக ஓடிக் கடலிற் கலக்கின்றது. உலகின் பேராறுகள் பலவும் அவ்வாறே கடலை நாடி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் கடல் நிரம்பி வழிவதில்லை. தேம்ஸும் ஓடி முடிவதில்லை. கடலுக்குச் சென்ற நீர் எங்கே போகின்றது? ஆற்றுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அதனையே நாம் நீர்வட்டம் என அழைக்கின்றோம்.

இங்குள்ள பாடசாலையில் இதனை நீங்கள் ஆங்கிலத்தில் கற்றிருப்பீர்கள். இக்கட்டுரையில் நாம் அதனைத் தமிழில் விளங்கிக்கொள்வதோடு, நீங்கள் வாழும் இலண்டனிலும் உங்கள் பெற்றோர் பலர் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்திலும் அது எவ்வாறு வெவ்வேறு வகையாக இயங்குகின்றது என்பதையும் நோக்குவோம்.

நீரை நிறுத்துப் பார்த்தவர்

கடல்நீர் நிலத்தின் அடியிலுள்ள வழிகளால் மலைகளுக்கு ஏறி, உப்பு நீங்கி, ஊற்றாக வெளிப்படுகின்றது என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பி வந்தனர். இத்தனை ஆறுகளுக்கும் மழைநீர் மட்டும் போதாது என்பதே அவர்களது எண்ணம். ஆனால் போதுமா, போதாதா என்று அளந்து பார்த்தவர் அரியர்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியேர் பெரோ என்பவர் சேன் நதியின் தலைப்பகுதியில் வீழும் மழையையும், அங்கு ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். அம்மழையின் ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதுமானது எனக் கண்டு, 1674ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

மற்றப் பாதியை அளந்தவர் எட்மண்ட் ஹலி. வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரை அளித்த அதே வானியல் அறிஞர்தான் அவர். கடலளவு உப்புச் சேர்த்த நீரை ஒரு பாத்திரத்தில் இட்டு, கோடைகாலக் காற்றின் அளவுக்கு அதனைச் சூடாக்கி, தராசில் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்தில் அதன் நிறை எவ்வளவு குறைகின்றது என்று பார்த்தார். அதைக்கொண்டு, கோடை நாள் ஒன்றில் மத்தியதரைக் கடலிலிருந்து 528 கோடி தொன் நீர் ஆவியாகின்றது எனக் கணித்தார்.

அக்கடலுக்கு ஆறுகள் கொண்டுவரும் நீர் எவ்வளவு? இதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் நம் தேம்ஸ் நதியே. கிங்ஸ்ரன் பாலத்தருகே அதன் அகலம், ஆழம், வேகம் ஆகியவற்றைக் கொண்டு, நாளொன்றுக்கு 2 கோடியே 3 இலட்சம் தொன் நீர் ஓடுகின்றது என மதிப்பிட்டார். மத்தியதரைக் கடலைச் சேரும் பேராறுகள் ஒன்பது. அவை ஒவ்வொன்றும் தேம்ஸைப் போற் பத்து மடங்கு எனக் கொண்டார். பெருக்கிப் பாருங்கள்: 182 கோடியே 70 இலட்சம் தொன் வரும். ஆவியாய்ச் செல்வதில் மூன்றிலொரு பங்கைச் சற்றே விஞ்சும் அளவுதான் ஆறுகளால் வந்து சேர்கின்றது! கடல் ஏன் நிரம்புவதில்லை என்பது அன்று விளங்கியது. 1687ஆம் ஆண்டு வெளிவந்த இக்கணக்கு துல்லியமானதன்று. ஆனால் அளந்து பார்த்து அறியும் அவ்வழி இன்றும் மாறவில்லை.

நீர் செல்லும் வழி

முதலாவது, ஆவியாதல். ஞாயிற்றின் வெப்பத்தால் கடலிலும் ஏரியிலும் ஈரமண்ணிலுமுள்ள நீர் கண்ணுக்குத் தெரியாத நீராவியாகின்றது. மரஞ்செடிகொடிகளும் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே வெளியிடுகின்றன. இதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். நீர் மட்டுமே மேலெழும். உப்புக் கீழே தங்கிவிடும். ஆனையிறவில் உப்பு விளைவதும், கடலிலிருந்து எழுந்த நீர் மழையாகும்போது இனிப்பதும் இந்த ஒரே காரணத்தாலேயே.

இரண்டாவது, ஒடுங்கல். ஈரக்காற்று மேலெழும்போது, ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைந்து செல்கின்றது. குளிர்ந்த நீராவி, காற்றில் மிதக்கும் தூசியையும் உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு நுண்ணிய நீர்த்துளிகளாகின்றது. அத்துளிகளின் கூட்டமே முகில். குளிர்காலக் காலைவேளையில் உங்கள் வீட்டுச் சாளரக் கண்ணாடியின் உட்புறம் பனிப்பதும் ஒடுங்கலே.

மூன்றாவது, படிவுவீழ்ச்சி. துளிகள் ஒன்றுசேர்ந்து பாரம் மிகும்போது மழையாகவும், குளிர் மிகுந்த இடங்களில் பனியாகவும், சிலவேளை ஆலங்கட்டியாகவும் வீழ்கின்றன. ஒரு நீர்த்துளி வளிமண்டலத்தில் தங்கியிருப்பது சராசரியாக 9 நாட்கள் அளவே. கடலிலோ அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கக்கூடும்.

நான்காவது, ஓடலும் ஊறலும். தரையில் வீழ்ந்த மழையில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகின்றது. ஒரு பகுதி ஆறாக ஓடுகின்றது. எஞ்சியது மண்ணினூடாக ஊறிப் பாறை இடுக்குகளிற் சேர்ந்து தரைக்கீழ் நீராகின்றது. அந்நீரும் மெல்ல நகர்ந்து ஊற்றாகவோ ஆறாகவோ கடலைச் சென்றடைகின்றது. வட்டம் நிறைவுறுகின்றது.

இவ்வளவு பெரிய வட்டத்தில் நமக்குப் பயன்படும் பங்கு மிகச் சிறிது. உலகின் நீரை 100 குடங்களாகக் கொண்டால், ஏறத்தாழ 97 குடம் உப்புநீர். எஞ்சிய மூன்று குடங்களுக்கும் குறைவான நன்னீரில் மூன்றில் இரு பங்கு உறைந்த பனிக்கட்டியாய் உள்ளது. மீதியிற் பெரும்பகுதி நிலத்தின் கீழ் உள்ளது.

எங்கே மழை அதிகம்?

மாணவர்களே, ஒரு வினா. ஓர் ஆண்டில் மிகுதியாக மழை பெய்வது இலண்டனிலா, யாழ்ப்பாணத்திலா? எந்நேரமும் குடையோடு திரியும் நீங்கள் இலண்டன் என்றே விடையளிப்பீர்கள். உண்மை வேறு. இலண்டனில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். அதாவது இரு மடங்கு.

அவ்வாறாயின் யாழ்ப்பாணத்தில் நீருக்குத் தட்டுப்பாடு ஏன்? இலண்டனில் மழை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பெய்கின்றது. யாழ்ப்பாணத்திலோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்த்துவிடுகின்றது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்குச் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்று வேண்டும். அக்களஞ்சியம் அங்கே நிலத்துக்குக் கீழே உள்ளது. அதுவே சுண்ணாம்புக்கற் பாறை.

அப்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் நிறைகின்றது. உங்கள் பாட்டனார் வீட்டுக் கிணற்றில் அள்ளிய நீர் முந்திய மாரிகளின் மழையே. கடலோரத்திலுள்ள கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீரும் உள்நாட்டில் வீழ்ந்து, பாறை வழியே கடலை நாடி வந்த மழையே.

குடாநாட்டைச் சுற்றிலும் கடல். பாறையின் அடியிலும் உவர்நீர் உண்டு. நன்னீர் பாரங் குறைந்ததாகையால் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. இதனை மறுபுறமாகவும் எண்ணிப் பாருங்கள். மேலே 1 மீற்றர் குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 மீற்றர் வரை ஏறிவர இடமுண்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பெற்றோர் அறிவர்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் உடல்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆகவே எல்லையை நாமே வகுக்க வேண்டியுள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கிணறுகள் உவராகியுள்ளன. அன்றியும், வெடிப்புகளினூடாக விரைந்து இறங்கும் மழைநீர், தோட்டத்திலிட்ட உரத்தையும் மலக்குழிக் கழிவையும் கூடவே கொண்டு செல்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிலத்தில் நாம் இட்டது நம் குவளைக்கே திரும்பி வருகின்றது. வட்டம் என்பதன் பொருள் அதுவே.

இலண்டன் கற்பிக்கும் பாடம்

இலண்டன் மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆகிய ஆறுகளிலிருந்து பெறப்படுகின்றது. எனினும் இந்நகரின் கீழும் ஒரு களஞ்சியம் உண்டு. களிமண்ணுக்கு அடியில், கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளாலான வெண்சுண்ணப் பாறை நீரைத் தேக்கி வைத்துள்ளது. 19ஆம் நூற்றாண்டு முதல் தொழிற்சாலைகள் அந்நீரை ஓயாது இறைத்தன. 1960களில் மத்திய இலண்டனில் அதன் மட்டம் கடல் மட்டத்துக்கு 80 மீற்றருக்கும் கீழே தாழ்ந்திருந்தது. பின்னர் தொழிற்சாலைகள் குறைந்தன, இறைப்பும் குறைந்தது. நீர்மட்டம் மீண்டும் உயர்ந்தது. சுரங்கப் பாதைகளுக்கும் கட்டடங்களுக்கும் தீங்கு நேருமோ என அஞ்சி, அளவறிந்து இறைக்கும் ஏற்பாட்டைச் செய்யும் அளவுக்கு உயர்ந்தது!

இதிலிருந்து நாம் அறிவது யாது? உலகம் முழுவதையும் நோக்கினால் நீர் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. ஆனால் ஓர் ஊரின் நீருக்கு வரவும் செலவும் உண்டு. வரவை மிஞ்சிச் செலவிட்டால் கடலுக்குக் குறைவில்லை, கிணற்றுக்கே குறைவு. செலவைக் குறைத்துக் காலமும் கொடுத்தால் வட்டம் திருப்பித் தருகின்றது. எனினும் உவரேறிய கிணறு தெளியப் பல மாரிகள் செல்லும். ஆதலால் கெடுமுன் காப்பதே அறிவுடைமை.

செய்து பார்ப்போம்

ஒரே அளவான இரு தட்டுகளில் ஒரே அளவு நீரை ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து, வெயில் படும் சாளரத்தருகே வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வாருங்கள். ஒருவாரம் கழிந்ததும் இரு நிரல்களையும் ஒப்பிடுங்கள். நீர் முற்றாக வற்றியதும் எத்தட்டில் என்ன எஞ்சியுள்ளது என்று பாருங்கள்.

வினாக்கள்

1. ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 இலீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர் கூரையில் இலண்டனில் ஓராண்டில் வீழும் நீர் எத்தனை இலீற்றர்? ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 இலீற்றர் வேண்டுமாயின், அது எத்தனை நாட்களுக்குப் போதும்?

2. கடல்நீர் உவர்க்கின்றது, மழைநீர் உவர்ப்பதில்லை. ஏன்?

3. உங்கள் பெற்றோரின் ஊரில் கிணறு எவ்வளவு ஆழம்? எம்மாதத்தில் நிறைந்தது, எம்மாதத்தில் வற்றியது? வீட்டிற் கேட்டு, பத்து வரிகளிற் தமிழில் எழுதுங்கள்.

மூன்றாம் வினாவுக்கு விடை எந்த நூலிலும் இல்லை. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெற்றோராகிய உங்கள் பொறுப்பாகும்.