சுங்கை பீசி பக்கம் பெட்டி தேடப் போறீங்களா?

தம்பி தங்கச்சிகளா, ஜி.பி.எஸ். எண்ணை வைத்துக்கொண்டு ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் பைத்தியம் உங்களையும் பிடித்துவிட்டதாமே. மால் மாலாகச் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் சுங்கை பீசி பழைய விமானத் தளத்தை ஒட்டிப் போவதென்றால், அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இடத்தின் கதை தெரியாமல் போனால் பாதி சுவை போச்சு. 1965-இல் சுபாங் திறக்கும்வரை கோலாலம்பூரின் விமான நிலையம் இதுதான். 1947 மே 1-ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்குச் சேவை தொடங்கியபோது பறந்தது ஒரு குட்டி ஏர்ஸ்பீட் கான்சல். மலாயா அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு வானிலிருந்து உணவு போட இங்கிருந்தும் விமானங்கள் போயின. 1958-இல் உருவான நம் விமானப்படைக்கும் இதுவே முதல் வீடு. 2018-இல் தளம் செண்டாயானுக்கு மாறியது. மிச்சமிருக்கும் 486 ஏக்கருக்கு பண்டார் மலேசியா என்று பெயர்.

"அதான் ராணுவம் போயிடுச்சே அக்கா!" என்று வேலி ஏறாதீர்கள். அடைத்துவைத்த நிலம் அடைத்துவைத்ததுதான். சுபாங்கில் விமானப்படை இன்னமும் இருக்கிறது. அங்கே இன்னும் கவனம். துப்பாக்கி நீட்டிய சிப்பாய் படத்தோடு சிவப்புப் பலகை தெரிந்தால் அதோடு திரும்பிவிடுங்கள். 1959-ஆம் ஆண்டின் தடைப்பகுதிச் சட்டம் விளையாட்டுப் பிள்ளை என்று பார்க்காது. வேலியைப் படம் எடுப்பது, டிரோன் விடுவது, ரெண்டுமே வேண்டாம். இத்தனைக்கும் நமக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் இயக்குவது! 2000 மே 2-ஆம் தேதி அவர்கள் சிக்னலில் வேண்டுமென்றே கலந்த பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகனில் ஒருவர் முதல் பெட்டியாக ஒரு வாளியை ஒளித்துவைத்தார்.

நீங்களே பெட்டி வைக்க ஆசையா? வேலிப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். கேள்வியை மட்டும் இங்கே வையுங்கள், பெட்டி தூரத்தில் ஒரு பூங்காவில் இருக்கட்டும், அதுவும் பூங்காக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு. விமானப்படை பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், சுபாங் திறந்த ஆண்டின் கடைசி இலக்கம் என்று சேர்த்துச் சேர்த்து ஆயத்தொலைவை, அதாவது அந்த ஜி.பி.எஸ். எண்ணை, முடிக்கச் சொல்லலாம். நிமிடத்தின் தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கம் ஒன்று பிசகினாலே சுமார் 185 மீட்டர் தள்ளிப்போவார்கள். அதனால் விடையைச் சரிபார்க்க ஒரு வழியும் கொடுங்கள். வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி.

பெட்டி உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும். மேலே "ஜியோகேச்" என்று மலாயிலும் விளக்கி எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக வைக்கும் தோட்டாப் பெட்டி இங்கே கூடவே கூடாது. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பியில் ஒரு சின்ன டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கவைத்தார்கள். சாதாரணக் கடைத்தெருவிலேயே அந்தக் கதி.

மூடி சரியாக மூடாத டப்பாவில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். லார்வா கண்டுபிடித்தால் அபராதம் உண்டு. ரப்பர் வளையம் உள்ள மூடி வாங்குங்கள். உள்ளே வைக்கும் நோட்டுக்குப் பென்சில்தான் சரி, நம்ம ஊர் ஈரத்தில் பேனா மை ஊறிப்போகும்.

காலையில் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பினால் நல்லது. மத்தியானம் மூணு மணிக்கு மேல் இடி மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, திறந்தவெளியில் ஒதுங்க இடமும் இல்லை. கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் முதல் கொம்யூட்டரைப் பிடியுங்கள். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, பவர் பேங்க். தனியாகப் போகாதீர்கள். யாராவது "என்ன தேடுறீங்க?" என்று கேட்டால் திருட்டு முழி முழிக்காமல், போனில் ஆப்பைத் திறந்து காட்டிவிடுங்கள்.