உயிர் ஈந்து உயிர் காத்த வீரர்

பகைவரை வீழ்த்துவது மட்டுமே வீரம் அன்று. உடனிருப்போரைக் காப்பதும் வீரமே. காஞ்சிபுரம் பகுதியில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியம் இதற்குச் சான்றாவார். அவர் சென்னைச் சாப்பர் படையைச் சேர்ந்தவர். பாதையில் புதைத்துள்ள கண்ணிவெடிகளை அகற்றுவது அப்படையின் பணிகளுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிக்னானோ என்னும் ஊரின் அருகே அவர் தம் குழுவினருடன் கண்ணிவெடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். வீரர் ஒருவரின் கால் வெடியொன்றின்மேல் பட்டுவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியம் சற்றும் தயங்காது அதன்மேல் பாய்ந்து, தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், மற்றவர் பிழைத்தனர்.

பகைவர் எதிரில் இல்லாதபோது காட்டும் பேராண்மைக்குரிய 'ஜார்ஜ் கிராஸ்' என்னும் உயரிய பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதனை அணிய அவர் இல்லை. அவரால் உயிர் பெற்றோர் இருந்தனர்.