துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. 1962 முதல் 1980 வரை அங்கிருந்த தொழிற்சாலையில் எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் தயாராயிற்று. திறந்த மேற்புறம், தாழ்ந்த உடல், 1798 கன சென்டிமீட்டர் என்ஜின். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளியேறின. 1980 அக்டோபரில் தொழிற்சாலை மூடப்பட்டது. கார்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் ஏராளம்.

இப்படிப்பட்ட பழைய கார் ஒன்றை வாங்க வருகிறவர் முதலில் என்ன செய்வார்? பானட்டைத் திறந்து என்ஜினைப் பார்ப்பார். அது உறுமுவதைக் காது கொடுத்துக் கேட்பார். இது இயற்கைதான், ஆனால் தவறு. என்ஜின் தேய்ந்தால் கழற்றிப் பழுது பார்க்கலாம். பிஸ்டன், பேரிங், கார்புரேட்டர் ஊசி எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. இந்தக் கார்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்பியது பெரும்பாலும் துருவே. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற துரு அல்ல.

காரணம் காரின் அமைப்பில் இருக்கிறது. இதற்கு முன் வந்த எம்.ஜி.ஏ. காருக்குத் தனியே ஒரு சேசிஸ் இருந்தது. தடித்த உருக்குச் சட்டம் அது. உடல் அதன்மேல் போர்த்திய சட்டை போன்றது. எம்.ஜி.பி.யில் அந்தச் சட்டம் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே எலும்புக்கூடாக்கிவிட்டார்கள். அறை விசாலமாயிற்று. ஆனால் திறந்த காருக்குக் கூரை கிடையாதே! கூரை தாங்க வேண்டிய பாரத்தையும் அடிப்பகுதியே தாங்கவேண்டும். கதவுக்குக் கீழே, இரு பக்கமும் நீளமாக ஓடுகிற உள்ளீடற்ற பெட்டிதான் அதில் பெரும்பங்கைச் சுமக்கிறது. இதைச் ‘சில்’ என்பார்கள். வாசற்படி என்று பொருள். வெளித்தகடு, உட்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் இன்னொன்று எனப் பல தகடுகள் அங்கே விளிம்போடு விளிம்பாக ஒட்டியிருக்கின்றன. இந்தப் படி உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

துரு அங்கே ஏன் விரும்பிக் குடியேறுகிறது? இதற்கு விடை ஒரே ஒரு சொட்டு உப்புநீரில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் 1920-களில் ஓர் எளிய சோதனை செய்தார். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் ஆசிரியர் துணையோடு இதைச் செய்யலாம். ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். சிறிது உப்புநீரில் பொட்டாசியம் பெர்ரிசயனைடு கரைசலில் சில துளிகளும், பினால்ப்தலீன் ஓரிரு துளிகளும் கலந்து, அதில் ஒரு பெரிய சொட்டைத் தகட்டின்மேல் விடுங்கள். (இந்தக் கலவையை அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது.) முதலில் நீலமும் இளஞ்சிவப்பும் புள்ளி புள்ளியாகத் தோன்றும். பொறுத்திருந்தால் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும், ஓரம் இளஞ்சிவப்பாகவும் பிரிந்து நிற்கும்.

நீலம் எதைக் காட்டுகிறது? இரும்பு அங்கே அயனியாகிக் கரைகிறது என்பதை. இளஞ்சிவப்பு, ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகும் இடத்தைக் காட்டுகிறது. சொட்டின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே சுலபமாகத் தகட்டை எட்டும். நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் குறைவு. நடுவிலுள்ள இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைய, அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடை உண்டாக்குகின்றன. ஒரே தகட்டில், ஒரே சொட்டுக்குள், ஒரு சிறு மின்கலம்! நடு நேர்மின்வாய், ஓரம் எதிர்மின்வாய். இரண்டிலிருந்தும் வரும் அயனிகள் சந்திக்கும் இடத்தில்தான் பழுப்புநிறத் துரு படிகிறது.

வியப்பைக் கவனித்தீர்களா? துரு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். ஆனால் இரும்பு அரிக்கப்படுவதோ ஆக்சிஜன் குறைந்த இடத்தில். துரு தெரியும் இடம் வேறு, இரும்பு கரையும் இடம் வேறு.

இப்போது அந்தச் சில்லுக்குத் திரும்புவோம். இரு தகடுகள் ஒட்டிய விளிம்பில் மயிரிழை இடுக்கு இருக்கிறது. நீர் அதற்குள் நுழையும், காற்று எளிதில் நுழையாது. சொட்டின் நடுப்பகுதிக்கு நேர்ந்ததே இடுக்குக்கும் நேர்கிறது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குப் பின்னால் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. போதாக்குறைக்கு, பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் பனிக்கட்டி உருகும், விபத்து குறையும். ஆனால் அதே உப்பு, நீரை நல்ல மின்கடத்தி ஆக்குகிறது. மின்கலம் வேகமாக வேலை செய்கிறது. துரு, தான் அரித்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒட்டிய தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. இடுக்கு அகலமாகி இன்னும் நீர் புகுகிறது. வெளிப்பூச்சில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே பாதித் தகடு காணாமற்போயிருக்கும்.

ஆகவே வாங்குமுன் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி நெடுக நகர்த்திப் பார்க்கவேண்டும். ஓட்டையைப் பட்டி வைத்து மெழுகிப் பெயிண்ட் அடித்திருந்தால் கண் ஏமாறும், காந்தம் ஏமாறாது. அடுத்து, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி. அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது. ஜாக்கியால் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினாலும் ஆபத்துதான். (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது, உறுதியான தாங்கிகள் வேண்டும்.)

காந்தத்தையும் ஏமாற்றும் ஒரு வித்தை உண்டு. உளுத்த சில்லை அறுக்காமல், அதன்மேலேயே புதுத் தகட்டை மூடிப் பற்றவைத்துவிடுவார்கள். வெளியே புதுமெருகு, உள்ளே பழைய நோய். எனக்கு இது பட்டியைவிட மோசமான செயலாகத் தோன்றுகிறது. மோதல் நேர்ந்தால் பயணியைக் காக்கவேண்டிய பெட்டி அது! 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில், பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாத, நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் கட்டாயப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். அதனால் உள்ளே பார்க்கும் பொறுப்பு சொந்தக்காரர் தலையிலேயே விழுகிறது.

சரி, சில் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். பலர் இங்கேதான் காரைக் கெடுக்கிறார்கள். பேட்டரியைத் துண்டித்து, பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துவது வரை சரியாகச் செய்துவிட்டு, நேரே அறுக்கத் தொடங்குகிறார்கள். பாரம் தாங்கும் படியை அறுத்தால் மீதி உடல் தன் எடையாலேயே வளையும். வளைந்த நிலையில் புதுச் சில்லைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு என்றைக்கும் சரியாக மூடாது. எனவே முதலில் காரைச் சமதளத்தில் தாங்கிகள்மேல் நிறுத்தி, கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை இறுக்கிவிடுவார்கள். பின்னர் ஒரு பக்கம் மட்டும் அறுப்பார்கள். அது முடியும்வரை மறுபக்கத்தைத் தொடமாட்டார்கள். புதுத் தகட்டை அங்கங்கே புள்ளிகளாக மட்டும் ஒட்டி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி சரியென்று கண்ட பிறகே முழுமையாகப் பற்றவைப்பது. பொறுமை வேண்டிய வேலை.

மொத்த உடலும் போய்விட்டால்? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய எம்.ஜி.பி. உடல்களை 1988-இல் தயாரிக்கத் தொடங்கியது. பழைய என்ஜினையும் சக்கரங்களையும் அதில் பூட்டலாம். அது பழைய கார்தானா என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். ஓட்டுபவர் உயிருக்கு நல்லது என்பது என் கட்சி.

புதுச் சில் பொருத்தியாயிற்று. இனி அதைக் காப்பது எப்படி? ஒட்டும் விளிம்புகளில் துத்தநாகப் பூச்சைப் பற்றவைக்கும் முன்பே தடவுவது முதல் காவல். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழப்பதால், தான் கரைந்து இரும்பைக் காக்கும். இரண்டாவது, உள்ளீடற்ற பகுதிக்குள் நீண்ட குழாய் வழியே மெழுகுக் கரைசலைப் பீய்ச்சுவது. அது இடுக்குகளில் ஊர்ந்து சென்று, நீர் போகும் வழியைத் தான் அடைத்துக்கொள்ளும்.

கார் நிற்கும் கொட்டகையும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு விரைவு பெறும். நனைந்த, உப்புப் படிந்த காரைக் கதகதப்பான, காற்றோட்டமில்லாத அறையில் பூட்டுவது, குளிர்ந்த வெளியில் விடுவதைவிடக் கெடுதல். வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்துமல்லவா? கழுவி, உலர்த்திவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

மெழுகு பீய்ச்சிய மறுநாள் இன்னொரு சிறு வேலை உண்டு. சில்லின் அடியில் நீர் வடியச் சில துளைகள் வைத்திருப்பார்கள். மெழுகு அவற்றையும் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடவேண்டும்.