பெயர் எடுத்தார்களா?

அன்புள்ள தம்பிக்கு,

நாடாளுமன்றத்தில் யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பதை மின்னணு எந்திரம் இருந்தால்தான் சரியாகப் பதிய முடியும் என்று நினைக்கிறாய். அமெரிக்காவின் இரண்டு அவைகளையும் ஒப்பிட்டுப் பார். 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் தம் அட்டையைப் பெட்டியில் செருகிப் பொத்தானை அழுத்துகிறார். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, எப்பக்கமும் சேராமல் வந்ததை மட்டும் பதிய மஞ்சள். 100 பேர் கொண்ட செனட்டில் எழுத்தர் இன்றும் அகரவரிசையில் பெயர் கூப்பிட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறார். 2017 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்துசெய்யும் முயற்சியை எதிர்த்து செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியது இந்தப் பழைய முறையில்தான். 49-க்கு 51 என்று அந்த முயற்சி தோற்றது. முடிவு மாறாது என்றால், அனைவரும் ஒப்புக்கொள்ளும்பட்சத்தில், அறிவிப்புக்குப் பிறகும் செனட்டர் தம் வாக்கைத் திருத்திக்கொள்ளலாம். பிரதிநிதிகள் சபையில் அதற்கு இடமில்லை.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் பெயர்ப் பட்டியல் இரண்டு அவைகளிலும் கிடைக்கிறது. காரணம் எந்திரம் அல்ல. பெயரைக் கேட்கும் உரிமை. வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஒவ்வொருவர் வாக்கையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1787-இல் எழுதிய அரசியல் சாசனமே சொல்லிவிட்டது. ஆனால் பிரதிநிதிகள் சபை, முழு அவையும் குழுவாகக் கூடித் திருத்தங்களை முடிவுசெய்யும்போது, நெடுங்காலம் தலைகளை மட்டுமே எண்ணியது, பெயர்களை எழுதவில்லை. 1970-ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் திரையை விலக்கியது. எந்திரம் வந்தது அதற்குப் பிறகு, 1973 ஜனவரியில். எடிசன் வாக்குப் பதிவுக் கருவிக்கு 1869-லேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார். கருவி இல்லாததால் பெயர்கள் மறையவில்லை.

பெயர் வெளியானால் உறுப்பினர் கட்சிக்கும் பணம் கொடுத்தவர்களுக்கும் அஞ்சி மனசாட்சியை அடக்கிக்கொள்வார் என்பார்கள். அந்த அச்சம் உண்மைதான். ஆனால் ரகசிய வாக்கு குடிமகனின் பாதுகாப்பு. அவன் தன் சார்பில் மட்டுமே வாக்களிக்கிறான். பிரதிநிதி பிறர் சார்பில் வாக்களிக்கிறார், கணக்குக் காட்டியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் எடுத்தால் நேரம் வீணாகாதா என்பது நியாயமான கேள்வி. மறுப்பில்லாதவற்றை இரண்டு அவைகளும் குரல் வாக்கிலோ ஏகமனதாகவோ முடிப்பதில் தவறில்லை. அதனாலேயே எந்தப் பட்டியலும் ஓர் உறுப்பினரின் முழு வரலாறு ஆகாது.

இனி ‘மசோதா நிறைவேறியது’ என்ற செய்தியைப் படித்தால், எத்தனை வாக்கு என்று தேடுவதற்கு முன், பெயர் எடுத்தார்களா என்று பார்.

அன்புடன்,
உன் அண்ணன்