மணப்பெண்ணின் முக்காடு: துணி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

துணி வியாபாரம் நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த தொழில். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரால், கைலித் துணியை மலாய்க்காரர்கள் இன்றும் 'காயின் பெலிகாட்' என்று அழைத்து வருவதே அதற்குச் சான்றாகும். சிங்கப்பூர் அரபு வீதியிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் கடைக்காரரின் யோசனையையும் கேட்கிறார்கள். மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியைப் பொறுத்தவரை அந்த யோசனைக்கு மதிப்பு அதிகம். அந்தத் துணி நாள் முழுவதும் தலையில் நிற்குமா, தொழுகை வேளையில் அதைக் கழற்றி மீண்டும் கட்ட இயலுமா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அறிந்து விற்பது நம் கடமை.

1. துணியின் குணம்

பளபளப்பைக் கண்டு பலரும் முதலில் சாட்டினைக் கேட்பார்கள். சாட்டினில் நூல்கள் நெடுந்தூரம் மேலே மிதந்து ஓடுகின்றன. பளபளப்புக்கும் அதுவே காரணம், வழுக்கலுக்கும் அதுவே காரணம். ஜார்ஜெட்டின் நூலோ மிக இறுக்கமாக முறுக்கப்பட்டது. அதன் முகம் சற்றுச் சொரசொரப்பாயிருப்பதால் ஒரு மடிப்பு மற்றொரு மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் தலையைச் சுற்றிக் கட்டுவதற்கு ஜார்ஜெட் அல்லது கிரேப், அழகுக்காக மேலே போடுவதற்கு ஷிஃபான் அல்லது நெட், உள்ளே அணியும் தொப்பிக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தி என்று பிரித்துச் சொல்லலாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். பட்டின் கனத்தை 'மொம்மே' என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.34 கிராம். 45 அங்குலச் சதுரம் 8 மொம்மே பட்டானால் சுமார் 45 கிராம் இருக்கும். 16 மொம்மே ஆனால் அதைப்போல் இருமடங்கு. ஜரிகையும் கல்லும் சேர்ந்தால் பாரம் இன்னும் ஏறும். நம் நாட்டு வெப்பத்தில் அந்தப் பாரத்தை நாள் முழுவதும் சுமக்கப் போவது மணப்பெண்தான் என்பதை மறக்கலாகாது.

2. அளவு

45 அங்குலச் சதுரத்தைக் குறுக்காக மடித்தால் நீண்ட விளிம்பு ஏறக்குறைய 64 அங்குலம் வரும். தலையைச் சுற்றி மார்பை மூட இது பெரும்பாலும் போதும். 45 அங்குல அகலமுள்ள துணியில் ஓரம் தைப்பதற்கும் சேர்த்து 1.2 மீட்டர் வெட்டினால் சரியாக இருக்கும். நீளத் துப்பட்டா வேண்டுவோர்க்கு, 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் 2 மீட்டர் வெட்டி நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் 75 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துப்பட்டாக்கள் கிடைக்கும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் ஒன்றுக்கு 2 மீட்டர் வீதம் 4 மீட்டர் வெட்டிக் கொடுப்பது நேர்மையன்று.

நிறம் பொருத்தும்போது சேலையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டும். கடை விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடுவதுண்டு. தோழிப் பெண்களுக்கும் அதே நிறம் வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுவது நல்லது.

3. கட்டும் முறை

பெண்கள் கட்டிக்கொள்வதில் கடைக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். முறை தெரிந்தால்தான் எது எவ்வளவு தேவை என்று சொல்ல முடியும்.

முதலில் கொண்டையைப் பிடரிப் பக்கம் தாழ்வாக முடிய வேண்டும். அதன்மேல் பருத்தி உட்தொப்பி. அதன்மேல் ஜார்ஜெட் முக்காடு. தாடையின் கீழ் ஓர் ஊக்கு, காதோரம் பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவே. சேலை உடுத்தும் பெண்ணானால் முந்தானையை இதன்மேல் போட்டுக்கொள்ளலாம். நெட்டைத் தனியே ஒரு சீப்பில் தைத்து, இறுதியாகச் செருக வேண்டும். நெற்றிச்சுட்டியின் கொக்கியை முக்காட்டில் மாட்டினால் அதன் பாரம் துணியை முன்னால் இழுத்துவிடும். ஆகவே அதை உட்தொப்பியோடு சேர்த்து முடியில் மாட்டுவதே முறை. பட்டுத்துணியில் தடித்த ஊக்கைக் குத்தினால் துளை மறையாது. மெல்லிய குண்டூசி போதும். அத்தரைத் துணியில் பூசினால் எண்ணெய்க் கறை படியும். முக்காடு போடுமுன் உடம்பில் பூசிக்கொள்வதே சரி.

இவ்வாறு அடுக்கடுக்காகக் கட்டுவதன் பெரும் பயன் தொழுகையில் தெரியும். கல்யாண நாளிலும் லுஹரும் அஸரும் மஃரிபும் உண்டு. ஒளுவில் தலையை மஸஹு செய்வது பர்ளு. ஷாஃபி மத்ஹபில் சிறு பகுதியேனும், ஹனஃபி மத்ஹபில் நான்கில் ஒரு பகுதியும் தடவ வேண்டும். ஐம்பது ஊசிகளால் பூட்டப்பட்ட முக்காட்டைக் கழற்ற அஞ்சித் தொழுகையைக் களா ஆக்கும் நிலை ஒரு பெண்ணுக்கு ஏற்படலாகாது. சீப்பை எடுத்து, மூன்று ஊக்குகளைக் கழற்றினால் தலை திறக்கும் வண்ணம் கட்டிவிட்டால் அந்தக் கவலையில்லை.

4. பெயரை மறைக்காமை

பாலியஸ்டரைப் 'பட்டு' என்று சொல்லி விற்பது மோசடியே. ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டு, மயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். கலப்பு நூலில் இரண்டும் கலந்து தெரியும். பாலியஸ்டரும் நல்ல சரக்குதான். கசங்காது, துவைக்க எளிது, விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே, அதற்குரிய விலைக்கே விற்பதில் நமக்கு நஷ்டமில்லை.

மகளின் கல்யாணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வரும் தகப்பனாருக்கு எது பட்டு, எது பாலியஸ்டர் என்பது தெரியாதிருக்கலாம். அவர் நம் சொல்லை நம்பியே வாங்குகிறார். ஆகவே நாம் அறிந்ததோடு நில்லாமல், கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இவற்றைக் கற்றுக் கொடுக்க வேண்டும். ஓர் உட்தொப்பி, ஒரு ஜார்ஜெட் சதுரம், சீப்பில் தைத்த நெட் ஆகியவற்றை மாதிரியாகக் கடையில் வைத்திருந்தால் விளக்குவது எளிது. மூத்தவளுக்கு வாங்கி மனம் நிறைந்தவர் இளையவளுக்கும் நம் கடைக்கே வருவார், இன்ஷா அல்லாஹ்.