பழைய கணிப்பொறியும் பயன் தரும்

கடையடைத்த பின் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க விரும்பும் வணிக அன்பர்கள் அதற்கெனப் புதுக் கணிப்பொறி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழையதே போதும். ‘ரிமோட் டெஸ்க்டாப்’ முறையில் வேலை முழுவதையும் கடைக் கணிப்பொறியே செய்கிறது. வீட்டில் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையுமே. பேரேடு கடையை விட்டு நகர்வதில்லை.

கவனிக்க வேண்டியவை:

1. கடைக் கணிப்பொறியில் விண்டோஸ் ‘புரோ’ பதிப்பு வேண்டும். ‘ஹோம்’ பதிப்பு இதற்கு உதவாது.

2. அது அணையாமல் இருக்க வேண்டும். யு.பி.எஸ். அவசியம்.

3. நாம் வீட்டிலிருந்து நுழைந்தால் கடைத் திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே பில் போடும் நேரத்தில் நுழையலாகாது.

4. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றி, ‘ரெமினா’ என்ற இலவச மென்பொருளால் இணையலாம்.

5. இம்முறைக்குரிய 3389 எண் ‘போர்ட்டை’ இணையத்தில் நேரே திறந்து வைப்பது, கடைக்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்குச் சமம். கடவுச்சொல்லை ஊகித்து நுழைபவர்கள் பேரேட்டைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வி.பி.என். வழியாக மட்டுமே இணையுமாறு விவரம் தெரிந்தவரைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

6. கணக்கின் நகல் ஒன்றைத் தினமும் தனியே எடுத்து வையுங்கள். பற்றுக் கணக்கு அழிந்தால் வசூலும் போயிற்று.