பொருளியல் டீச்சர் தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குப் பொருளியல் எடுக்கப் போறியா? ஸ்மார்ட் போர்டு இல்லையேன்னு கவலைப்படாத. பாடத்துக்கு ஒரு பொருள், அதுல ஒரு கேள்வி போதும். இலக்கணத்தைக் கடைசியில சொல்லிக்கலாம்.

1. தேவை விதிக்குத் துண்டுச் சீட்டு: வடை 5 ரூபாய்னா எத்தனை வாங்குவ? 10, 15, 20 ரூபாய்னா? பக்கத்துல எட்டிப் பார்க்காம எழுதட்டும். ஒவ்வொரு சீட்டும் தனிநபர் தேவைப் பட்டியல்; எல்லாத்தையும் கூட்டிப் போர்டுல போட்டா அங்காடித் தேவைப் பட்டியல். உடனே கோடு வரையச் சொல்லு. கணக்குப் பாடப் பழக்கத்துல பாதிப் பேர் விலையைப் படுக்கை அச்சுல போடுவாங்க. இங்கே விலை செங்குத்து அச்சுலதான், அன்னைக்கே திருத்திடு. என்ன விலைன்னாலும் ரெண்டு வேணும்னு எழுதின பையனோட சீட்டைப் பத்திரப்படுத்து. நெகிழ்ச்சிப் பாடத்தை அவன்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்.

2. அளிப்புக்கு உழவர் சந்தை: மதுரையில 1999-ல ஆரம்பிச்ச திட்டம், இப்பப் பல ஊர்ல இருக்கு. விலைப் பலகையில தக்காளி விலையை ரெண்டு வாரம் குறிச்சிட்டு வரச் சொல்லு. விலை ஏறினா, வரத்து குறைஞ்சுதா, முகூர்த்த நாளான்னு கேளு. முன்னது அளிப்புக் கோட்டை நகர்த்தும், பின்னது தேவைக் கோட்டை. பிள்ளைங்க அதிகம் குழம்புற இடம் இது.

3. வரிக்கு மளிகை பில்: மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டின்னு ரெண்டு வரி பாதிப் பாதியா இருக்கும். 2025 செப்டம்பர் 22-க்கு முந்தின பில் கிடைச்சா இன்னும் நல்லது. பேஸ்ட், ஷாம்புக்கு அப்ப 18 சதவீதம், அதுக்கப்புறம் 5. வருமான வரி கட்டாத வீடும் மறைமுக வரி கட்டுதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

4. பட்ஜெட்டுக்கு ஒரு ரூபாய் படம்: 2025-26 மத்திய பட்ஜெட்ல வரவு ரூபாய்ல 24 பைசா கடன், செலவு ரூபாய்ல 20 பைசா வட்டி. "நீ நிதியமைச்சரா இருந்தா எதைக் குறைப்ப?"ன்னு கேட்டுட்டுப் பேசாம நில்லு. வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு வாதாடும்.

5. வீடியோ அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நடுவுல நிறுத்தி, அடுத்து என்ன ஆகும்னு கேளு.

கடைசிப் பத்து நிமிஷம் புத்தகத்துக்கு. பொதுத்தேர்வுல மார்க் வாங்கித் தர்றது அந்த இலக்கணமும், அச்சுக்குப் பேர் எழுதின படமும்தான்.